கேலண்டர், ரிமைண்டர் ஆப்ல இன்னும் கண்டுபிடிக்க என்ன பாக்கி இருக்கு?

கயல்_ஹெச்எஸ்ஆர்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல பேக்கெண்ட் வேலை பாக்கறேன். நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் சேந்து வீக்கெண்ட்ல ஒரு ரிமைண்டர் ஆப் பண்ணிட்டு இருக்கோம். ஆபீஸ் மீட்டிங்குக்கு இல்ல, அதுக்கு ஆயிரம் ஆப் இருக்கு. இது நம்ம வீடுங்களுக்கு. எங்க வீட்ல மறக்கவே கூடாதுன்னு இருக்கற விஷயத்தையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்தோம். தாத்தா திதி, பசங்க நட்சத்திரப் பிறந்தநாள், அம்மாவுக்குக் காலையில தைராய்டு மாத்திரை, அது போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு காபி, ஒண்ணு விட்டு ஒரு நாள் காவேரித் தண்ணி வரும்போது மோட்டார் போடறது, வாட்டர் ஃபில்டர் மாத்தறது, மாசக் கடைசியில வாடகை, ராத்திரி அமெரிக்கா டீம் கால். எழுதி முடிச்சுட்டுப் பாத்தா இதுல பாதிக்கு மேல எந்த கேலண்டர்லயும் சரியா உக்கார மாட்டேங்குது. தேதி, நேரம், ரிப்பீட்டுன்னு மூணு கட்டம் தர்றாங்க. திதிக்கு நிலையான தேதி கிடையாது, காபிக்கு நிலையான நேரம் கிடையாது, தண்ணி ஒரு நாள் வரலன்னா அதுக்கப்புறம் வர்ற ரிப்பீட்டு மொத்தமும் தப்பாயிடுது.

அதனால கேக்கறேன், இந்த கேலண்டர் ரிமைண்டர் சாஃப்ட்வேர்ல இதுவரைக்கும் வந்ததுல நிஜமாவே உருப்படியான கண்டுபிடிப்புன்னு நீங்க எதையெல்லாம் சொல்லுவீங்க? எதை யாரும் இன்னும் தொடல? இருக்கறதையே நாங்க திரும்ப எழுதி நேரத்தை வீணாக்கக் கூடாதுங்கறதுதான் கவலை. இன்னொண்ணு, இதுல ஏதாவது புதுசா கண்டுபிடிச்சா பேட்டண்ட் கிடைக்குமா? என் ஃப்ரெண்ட் கிடைக்கும்கறா, எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் சாஃப்ட்வேருக்கு இந்தியாவுல கிடையவே கிடையாதுங்கறார்.


மாரத்தஹள்ளி_மணி

கயல், நான் வேலை பாக்கறதே கேலண்டர் சிங்க்லதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். என்னைக் கேட்டா இந்தத் துறையோட பெரிய கண்டுபிடிப்பு தேதியைச் சேமிக்காம விதியைச் சேமிச்சதுதான். 'மாசா மாசம் ரெண்டாவது செவ்வாய்'னு நீங்க போட்டா ஆப் உள்ள நூறு தேதி எழுதி வைக்கறதில்ல, ஒரே ஒரு வரி விதி எழுதி வைக்குது, வேணும்கறப்ப அதுலேர்ந்து தேதியைக் கணக்குப் போட்டு எடுத்துக்குது. 1998ல ஆர்எஃப்சி 2445ன்னு (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட்டுக்கான பொது விதிகளை எழுதி வைக்கற ஆவணம்) ஐகேலண்டர் ஸ்டாண்டர்ட் வந்துச்சு, 2009ல அதைத் திருத்தி 5545 ஆக்கினாங்க. கூகுள், ஆப்பிள், அவுட்லுக் எதுலேர்ந்து எதுக்கு இன்வைட் போனாலும் இந்த ஃபார்மட்லதான் போகுது.

உங்க வாடகையையே எடுத்துக்கோங்க. மாசா மாசம் 31ந் தேதின்னு போட்டா 31 இல்லாத மாசத்தை அப்படியே விட்டுடணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, ஆக வருஷத்துக்கு 7 தடவைதான் அடிக்கும், ஏப்ரல் ஜூன் எல்லாம் சத்தமே வராது. அதே விதியில நாள் இருக்கற இடத்துல மைனஸ் 1ன்னு எழுதினா மாசக் கடைசி நாள்னு அர்த்தம், பிப்ரவரி 28ஆ 29ஆன்னு அதுவே பாத்துக்கும். இந்த வசதி முதல் ஸ்டாண்டர்ட்லேர்ந்தே இருக்கு, ஆனா நிறைய ஆப்ல அதைத் தொட ஒரு பட்டன் கூடக் கிடையாது. உங்க ஆப்ல முதல்ல அதைக் கொண்டு வாங்க, அதுக்கே ஜனங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க.

அமெரிக்கா கால் விஷயமும் இதேதான். நியூயார்க்ல காலையில 11 மணி மீட்டிங்னா நமக்குக் கோடையில ராத்திரி எட்டரை, நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் ஒன்பதரை, மார்ச் ரெண்டாவது ஞாயிறுல மறுபடியும் எட்டரை. 'நியூயார்க் நேரம் 11'னு ஊர் பேரோட சேமிச்சிருந்தா இது தானா மாறிக்கும், 'இந்திய நேரம் 20:30'னு சேமிச்சிருந்தா நவம்பர்ல ஒரு மணி நேரம் முன்னாடியே போய்த் தனியா உக்காந்திருப்பீங்க. இதுக்குப் பின்னாடி எந்த ஊர்ல எப்ப என்ன நேரம்னு குறிச்சு வச்சிருக்கற ஐயானா டைம்ஸோன் டேட்டாபேஸ்னு ஒண்ணு இருக்கு, ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பிச்சது, இப்ப பால் எகர்ட் பாத்துக்கறார், நம்ம எல்லார் ஃபோன்லயும் இருக்கற 'ஏசியா/கொல்கத்தா'ங்கற பேரு அதுலேர்ந்து வந்ததுதான். 2023ல எகிப்து திடீர்னு கோடை நேரத்தைத் திரும்பக் கொண்டு வந்தப்ப உலகம் பூரா கடிகாரத்தை சரி பண்ணினது அந்த டேட்டாபேஸோட ஒரு அப்டேட்தான். கண்டுபிடிப்புன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்ற வேலை இது.

தண்ணியும் ஃபில்டரும் வேற ஜாதி. அதுக்கு கேலண்டர்லேர்ந்து எண்ணக்கூடாது, கடைசியா எப்ப முடிச்சோமோ அங்கேர்ந்து எண்ணணும். ஈமேக்ஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஓர்க்-மோட்னு ஒண்ணு இருக்கு, கார்ஸ்டன் டொமினிக் 2003ல ஆரம்பிச்சது, அதுல ரிப்பீட்டுக்கே மூணு விதமான குறி இருக்கு: போட்ட தேதியிலேர்ந்து ஒரு தடவை மட்டும் தள்ளறது, விட்டுப்போனதையெல்லாம் தாண்டி அடுத்து வர்ற நாளுக்குத் தள்ளறது, முடிச்ச நாள்லேர்ந்து புதுசா எண்ணறது. டூடூயிஸ்ட்ங்கற டாஸ்க் ஆப்ல 'எவ்ரி'க்குப் பக்கத்துல ஆச்சரியக்குறி போட்டா அந்த மூணாவது வகை. ஃபில்டருக்கு மூணாவது வேணும், வாடகைக்கு அது ஆகவே ஆகாது. சாதாரண ஆளுக்கு இந்த மூணையும் குழப்பமில்லாம எப்படிக் கேக்கறதுங்கறதுக்கு யாரும் நல்ல வழி கண்டுபிடிக்கல, அதுல உங்களுக்கு நிறைய இடம் இருக்கு.

திதிக்கு: 2015ல ஆர்எஃப்சி 7529ன்னு கிரிகோரியன் (ஜனவரி-டிசம்பர்) அல்லாத கேலண்டருக்கும் ரிப்பீட் விதி எழுத வழி பண்ணினாங்க. சீனப் புத்தாண்டு, யூத மாசம் எல்லாம் அதுல அடங்கிடும். அதுல 'இந்தியன்'னு ஒரு கேலண்டரும் இருக்கு, பேரைப் பாத்து சந்தோஷப்பட்டுடாதீங்க, அது 1957ல அரசாங்கம் கொண்டு வந்த சக வருஷ தேசிய கேலண்டர். சைத்ரம் 1 எப்பவும் மார்ச் 22 இல்லன்னா 21. அதுல திதியும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. ஆக இது நிஜமாவே காலி இடம்.


அல்சூர்வாசி

கயல்மா, நான் ரிட்டயர் ஆனவன், பஞ்சாங்கக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். மணி தம்பி சொன்ன காலி இடத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நீங்க கோட் எழுதறவங்க, உங்களுக்குச் சட்டுனு பிடிபடும்.

சூரியனை விட்டு சந்திரன் 12 டிகிரி விலகினா ஒரு திதி. 360 டிகிரிக்கு 30 திதி. சந்திரன் ஒரே வேகத்துல போறதில்ல, அதனால ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்துலயே முடிஞ்சுடும், சில சமயம் 26 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். நள்ளிரவுல ஆரம்பிச்சு நள்ளிரவுல முடியற சமாசாரமே இல்ல. உங்க சாஃப்ட்வேர் எல்லாம் ஒரு நாளுக்கு ஒரு பேருன்னு நினைச்சுக் கட்டினது, இங்க ஒரே நாள்ல ரெண்டு திதி தொடும், ஒரே திதி ரெண்டு சூரிய உதயத்தைத் தொடும்.

வருஷ திதிக்கு நம்ம தமிழ் வழக்கத்துல மூணு விஷயம் வேணும்: சௌரமான மாசம் (சூரியனை வச்சு வர்ற நம்ம தமிழ் மாசம்), பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி. உதாரணமா ஆவணி மாசம், கிருஷ்ண பட்சம், சப்தமி. அந்தத் திதி எந்த நாள் அபராஹ்ணத்துல இருக்கோ அந்த நாள்ல சிரார்த்தம். அபராஹ்ணம்னா பகலை அஞ்சு பங்காப் பிரிச்சா நாலாவது பங்கு. பண்டிகைக்குப் பெரும்பாலும் உதயத்தைப் பார்ப்பாங்க, திதிக்கு மத்தியானத்தைப் பார்க்கணும். பல ஆப் உதயத் திதியை மட்டும் காட்டிட்டு விட்டுடுது, அதைப் பார்த்துட்டு ஜனங்க ஒரு நாள் தள்ளிப் பண்ணிடறாங்க. செத்துப்போன அப்பாவுக்கு வருஷத்துல ஒரே நாள், அது தப்பினா மனசு எவ்வளவு கஷ்டப்படும்னு உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல.

இன்னும் இருக்கு. சந்திர மாசம் சுமார் இருபத்தொன்பதரை நாள். நம்ம ஆனி, ஆடி 31, 32 நாள் வரைக்கும் வரும், அப்ப மாச ஆரம்பத்துல வந்த திதியே கடைசியிலயும் இன்னொரு தடவை வரும். மார்கழி 29 நாள்ல முடியற வருஷம் சில திதி அந்த மாசத்துல வராமலேயே போகும். ரெண்டு வந்தா எதை எடுக்கணும், வரலன்னா என்ன பண்ணணும்னு குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேற, சாஸ்திரிகள் ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் சொல்றதோட ஒத்துப்போகணும்னு இல்ல. அதனால ஆப் தானா ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லவே கூடாது. ரெண்டு தேதியையும் காட்டி, இது ஏன், அது ஏன்னு ஒரு வரி எழுதி, வீட்டுப் பெரியவங்களை ஒரு தடவை தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டு, அந்த வழக்கத்தை அப்படியே அடுத்த வருஷத்துக்கும் வச்சுக்கணும். நட்சத்திரப் பிறந்தநாளும் இதே மாதிரிதான், சந்திரன் 27 நாள் சொச்சத்துல ஒரு சுத்து வந்துடும், ஒரே மாசத்துல ஒரு நட்சத்திரம் ரெண்டு தடவை சர்வ சாதாரணமா வரும்.

பெங்களூர்ல இருக்கறதால இன்னொரு சங்கடம். வீட்டுக்குப் பால் போடறவர் தர்ற கேலண்டர்லேர்ந்து பேங்க் கேலண்டர் வரைக்கும் சந்திரனை வச்சு மாசம் எண்ணற கன்னட சாந்திரமான கேலண்டர். அதுல ஸ்ராவணம்னா நம்ம ஆவணி கிடையாது, ஆடியில பாதியிலயே ஆரம்பிச்சுடும். இங்க பொறந்து வளர்ந்த பசங்க அதைப் பார்த்து மாசத்தைக் குழப்பிக்கறாங்க. அப்புறம் பழைய வாய்பாட்டை வச்சுப் போடற வாக்கியப் பஞ்சாங்கம், இன்னைய வானியல் கணக்கை வச்சுப் போடற திருக்கணிதம்னு ரெண்டு கணக்கு இருக்கு, திதி முடியற நேரம் ரெண்டுக்கும் சில மணி நேரம் கூட வித்தியாசப்படும். உங்க வீடு எதைப் பின்பத்துதுன்னு முதல் நாளே கேட்டு வாங்கிக்கணும். ஊரும் கேக்கணும், சென்னையை விட இங்க சூரிய உதயம் சுமார் பத்து நிமிஷம் பிந்தி வரும். பையன் நியூஜெர்சியில இருந்தா அவனுக்கு நாளே மாறலாம்.

கணக்குக்கு ஸ்விஸ் எஃபெமரிஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி கிரகக் கணக்கை வச்சுச் செஞ்சது, திருக்கணிதத்துக்கு அது தாராளமாப் போதும். ஆனா அதோட லைசென்ஸ் ஏஜிபிஎல், உங்க ஆப்போட கோட் எல்லாத்தையும் பொதுவுல திறந்து விடணும், இல்லன்னா காசு கட்டி வாங்கணும். அதை முதல்லயே யோசிச்சுக்கோங்க.


நர்ஸக்கா_ஜெயநகர்

கயல், மாத்திரை விஷயம் மட்டும் நான் சொல்றேன். இருபத்தி நாலு மணி நேரமும் மானிட்டர் அடிச்சுட்டே இருக்கற வார்டுல வேலை பாக்கறவ நான். சத்தம் அதிகமானா மனுசங்களுக்குக் காது மரத்துப்போகும், இதுக்கு அலாரம் ஃபட்டீக்னே பேரு. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஜாயிண்ட் கமிஷன் 2014ல அலாரத்தை ஒழுங்கு பண்றதையே ஒரு பாதுகாப்பு இலக்கா வச்சுது, அந்த அளவுக்கு ஆபத்தான விஷயம். அதனால உங்க ஆப்ல எத்தனை தடவை அடிக்குதுன்னு பெருமைப்படாதீங்க.

வயசானவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, சத்தம் வந்த உடனே அதை நிறுத்தணும்னுதான் கை போகும். தோசைக்கல்லு அடுப்புல இருக்கும், ஒரு கையில கரண்டி, இன்னொரு கையால ஸ்வைப் பண்ணி விட்டுட்டு 'இதோ போட்டுக்கறேன்'னு சொல்லுவாங்க, அதோட அது போச்சு. ஆப் பொறுத்தவரைக்கும் வேலை முடிஞ்சது. மணி அடிச்சது வேற, கேட்டது வேற, மாத்திரை வாய்க்குள்ள போனது வேற. இந்த மூணையும் தனித்தனியா எழுதி வைக்கற ஆப்பை நான் தேடிட்டே இருக்கேன். சத்தத்தை நிறுத்தற பட்டனும் 'போட்டாச்சு' பட்டனும் ஒரே இடத்துல இருக்கவே கூடாது. நிறுத்தினா சத்தம் மட்டும் நிக்கணும், திரையில அந்த வரி அப்படியே இருக்கணும், கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா இன்னொரு தடவை கேக்கணும், அதுக்கும் பதில் இல்லன்னா ஆபீஸ்ல இருக்கற உங்களுக்கு ஒரு மெசேஜ் வரணும்.

தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும், அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி டிபன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளணும். அம்மா இன்னைக்கு ஆறு மணிக்குப் பதிலா ஏழரைக்கு எழுந்தா? காபி ஏழு மணின்னு அடிச்சு என்ன பிரயோஜனம், கால்சியம் பத்து மணின்னு அடிச்சா அது தப்பே ஆயிடுது. 'போட்டாச்சு'ன்னு அமுக்கின நேரத்துலேர்ந்து அடுத்ததெல்லாம் நகரணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க, விட்டுப்போன மாத்திரையை 'இப்ப போடுங்க'ன்னு ஆப் தானா சொல்லக்கூடாது. சில மாத்திரை ரெண்டு வேளை சேந்தா ஆபத்து. 'காலையில போட்டீங்களா?'ன்னு கேக்கட்டும், இல்லன்னா டாக்டரைக் கேக்கச் சொல்லட்டும், அவ்வளவுதான்.


மாரத்தஹள்ளி_மணி

நர்ஸக்கா சொன்ன அந்த வித்தியாசத்துக்கு ஸ்டாண்டர்ட்லயே இப்ப இடம் இருக்கு. 2021ல வந்த ஆர்எஃப்சி 9074ல அலாரத்துக்கு 'பாத்தாச்சு'ன்னு நேரத்தோட குறிச்சு வைக்க ஒரு வரி, ஸ்னூஸ் பண்ணினா அது எந்த அலாரத்தோட ஸ்னூஸ்னு கட்டி வைக்க ஒரு வழி ரெண்டும் சேத்தாங்க. ஃபோன்ல நிறுத்தினா டேப்லெட்ல மறுபடி அடிக்கக்கூடாதுங்கறதுக்காக வந்தது. ஆனா 'பாத்தாச்சு' மட்டும்தான், அக்கா கேக்கற 'செஞ்சாச்சு' அலாரத்துல கிடையாது. அதை நீங்கதான் கட்டணும் கயல்.


பனசங்கரி_பாலா

இடத்தை வச்சு ஞாபகப்படுத்தறதை யாரும் சொல்லலயே. மருந்துக்கடை பக்கம் போகும்போது 'அம்மா மாத்திரை வாங்கு'ன்னு சொல்றது. 2000லயே அனிந்த் டேயும் கிரிகரி அபோடும் சைபர்மைண்டர்னு பண்ணிட்டாங்க, சுத்தி இருக்கற சூழ்நிலை ஒத்து வந்தா ஞாபகப்படுத்தற சாஃப்ட்வேர். சாதாரண ஜனங்க கைக்கு வந்தது 2011ல ஐஓஎஸ் 5 ரிமைண்டர்ஸோட. நம்ம ஊர்ல அதுல ஒரு பிரச்சனை, சில்க் போர்டு ஃப்ளைஓவர் மேல பஸ்ல போய்ட்டு இருப்பீங்க, கீழ இருக்கற கடைக்கு மணி அடிக்கும், இறங்கவா முடியும். ஆண்ட்ராய்டு ஜியோஃபென்ஸ்ல (மேப்ல ஒரு இடத்தைச் சுத்திப் போடற கண்ணுக்குத் தெரியாத வட்டம்) உள்ள நுழையறது, வெளிய போறது தவிர 'உள்ள கொஞ்ச நேரம் தங்கறது'ன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க, பாதித் தொல்லை குறையும். டிராஃபிக்ல மாட்டினா அதுவும் தங்கற மாதிரிதான் தெரியும், அதுக்கு வேகத்தையும் சேத்துப் பாக்கணும்.


பிடிஎம்_ஆண்ட்ராய்டு

எல்லாம் சரி, ஆனா சரியான நேரத்துக்கு அடிக்கலன்னா இவ்ளோ யோசிச்சும் ஒண்ணும் இல்ல, அதனால நான் அழுக்கு வேலையைச் சொல்றேன். ஆண்ட்ராய்டு 6லேர்ந்து டோஸ்னு ஒரு தூக்கம் வந்துச்சு, ஃபோன் சும்மா கிடந்தா பேட்டரி மிச்சம் பண்ண அலாரத்தையெல்லாம் தள்ளிப்போடும், தூக்கத்துலயும் அடிக்கணும்னு தனியா ஒரு ஃபங்ஷன் இருக்கு ஆனா டோஸ்ல அதுவே ஒரு ஆப்புக்கு ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல அடிக்காது, நிஜமா நிமிஷம் தப்பாம அடிக்கணும்னா 'செட்அலாரம்க்ளாக்' போடணும், அதுக்கு மட்டும் சிஸ்டம் முன்னாடியே எழுந்துக்கும், மேல ஸ்டேட்டஸ் பார்ல அலாரம் படமும் வரும். அப்புறம் ஆண்ட்ராய்டு 12ல சரியான நேர அலாரத்துக்குத் தனி பர்மிஷன் வந்துச்சு, 13ல நோட்டிஃபிகேஷன் காட்டவே பர்மிஷன் கேக்கணும், 14ல புதுசா இன்ஸ்டால் பண்ற பெரும்பாலான ஆப்புக்கு அந்த சரியான நேர பர்மிஷன் ஆரம்பத்துலயே மூடியிருக்கும், அம்மா ஃபோன்ல அதைத் திறந்து வைக்க நீங்கதான் ஒவ்வொரு திரையாக் கூட்டிட்டுப் போகணும்.

முக்கியமானது, ஃபோன் ரீஸ்டார்ட் ஆனா போட்ட அலாரம் எல்லாம் அழிஞ்சுடும், பூட் ஆன உடனே ஆப் திரும்ப எல்லாத்தையும் போட்டுக்கணும். ராத்திரி அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆச்சுன்னு வைங்க, லாக் திறக்கற வரைக்கும் சாதாரண ஆப் எழுந்துக்கவே எழுந்துக்காது, காலையில ஆறு மணி மாத்திரை போச்சு. ஆண்ட்ராய்டு 7லேர்ந்து டைரக்ட் பூட்னு இருக்கு, லாக் திறக்கறதுக்கு முன்னாடியே ஓடறதுக்கு, அலாரம் சம்பந்தப்பட்ட டேட்டாவை அந்தத் தனிக் கிடங்குல வச்சீங்கன்னா தப்பிச்சீங்க. ஐஓஎஸ்ல வேற வம்பு, ஒரு ஆப்புக்கு வரிசையில 64 லோக்கல் நோட்டிஃபிகேஷன் தான், அதுல முதல்ல வர்ற 64ஐ வச்சுட்டு மிச்சத்தை விட்டுடும், நீங்க ஒரு வருஷத்துக்கு மொத்தமா மாத்திரைக்குப் போட்டு வச்சா ரெண்டு மூணு வாரத்துல காலி. மணி அண்ணா சொன்ன அதே விஷயம்தான், விதியை வச்சுக்கோங்க, அடுத்த கொஞ்ச நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டு ஓஎஸ்கிட்ட குடுங்க, ஆப் திறக்கும்போதெல்லாம் நிரப்பிக்கோங்க.

டெஸ்ட் பண்ண விலை உயர்ந்த ஃபோனை எடுக்காதீங்க. பேட்டரிக்காக பின்னாடி ஓடற ஆப்பை எல்லாம் அடிச்சு நிறுத்தற பட்ஜெட் ஃபோன் ஒண்ணை வாங்கி மேஜை மேல ரெண்டு ராத்திரி தொடாம வைங்க, அப்ப தெரியும்.


ஒயிட்ஃபீல்ட்_வினோ

இவ்ளோ எதுக்குங்க? இப்பதான் ஏஐ வந்துடுச்சே, 'தாத்தா திதிக்கு ஞாபகப்படுத்து'ன்னு வாயால சொன்னா அதுவே பாத்துக்காதா?


மாரத்தஹள்ளி_மணி

வினோ, பேசறதைப் புரிஞ்சுக்க அது உதவும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா புரிஞ்சுக்கிட்டப்புறம் எழுதி வைக்கற இடத்துல திதிங்கற விதி இருக்கணுமே. அது இல்லன்னா இந்த வருஷம் என்ன தேதி வருதோ அதைப் போட்டு 'வருஷா வருஷம்'னு ரிப்பீட் வச்சுடும், அடுத்த வருஷம் தப்பு.

இந்த யோசனையும் புதுசு இல்ல. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல எரிக் ஹார்விட்ஸ் 1999லயே லுக்அவுட்னு ஒண்ணைப் பத்தி எழுதினார், மெயிலைப் படிச்சு அதுல மீட்டிங் பேச்சு இருந்தா கேலண்டர்ல போட உதவற சாஃப்ட்வேர். அவர் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, சாஃப்ட்வேருக்கு எவ்ளோ உறுதியாத் தெரியுதுங்கறதைப் பொறுத்து அது மூணு மாதிரி நடந்துக்கணும்: நல்லாத் தெரிஞ்சா செய், சந்தேகமா இருந்தா கேளு, தெரியலன்னா சும்மா இரு. அல்சூர் ஐயா ரெண்டு தேதியைக் காட்டிக் கேக்கணும்னு சொன்னதும் இதேதான்.


இந்திராநகர்_ஐபி

பேட்டண்ட் கேள்விக்கு வரேன், என் தொழில் அது. உங்க சீனியர் சொன்னதும் முழுசா சரியில்ல, ஃப்ரெண்ட் சொன்னதும் முழுசா சரியில்ல. இந்தியப் பேட்டண்ட் சட்டம் 1970, பிரிவு 3(கே) என்ன சொல்லுதுன்னா கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம் இதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது. அந்த 'வெறும்'ங்கற இடத்துலதான் சண்டை எல்லாம். 2019 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட் ஃபெரித் அல்லானி வழக்குல, புரோகிராம்ங்கறதுக்காகவே தூக்கிப் போடக்கூடாது, தொழில்நுட்ப ரீதியா ஒரு பலன் இருக்கான்னு பாக்கணும்னு சொல்லிச்சு.

உங்க விஷயத்துல வச்சுப் பாத்தா, திதி கணக்குப் போடறது கணிதம், அதுக்குக் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். அம்மா பதில் சொல்லலன்னா பொண்ணுக்கு மெசேஜ் போகுதுங்கறதை மட்டும் வச்சும் கஷ்டம், ஏற்கனவே நிறைய பேர் பண்ணியிருப்பாங்க. ஆனா ஃபோன் தூங்கும்போது பேட்டரி குறைச்சலா எடுத்துக்கிட்டு அலாரத்தை உறுதியா அடிக்க வைக்க ஒரு புது வழி, ரெண்டு மூணு ஃபோன் நெட் இல்லாமலே ஒத்துப்போக ஒரு வழி, அந்த மாதிரி மெஷின் நடந்துக்கற விதத்தையே மாத்தற விஷயம்னா பேசிப் பாக்க இடம் இருக்கு. அமெரிக்காவுலயும் சுப்ரீம் கோர்ட்டோட 2014 ஆலிஸ் தீர்ப்புக்கு அப்புறம் 'பழைய வேலையையே கம்ப்யூட்டர்ல பண்றேன்'ங்கறது எடுபடறதில்ல.

முதல்ல கூகுள் பேட்டண்ட்ஸ்லயும் நம்ம பேட்டண்ட் ஆபீஸோட இன்பாஸ்ங்கற தேடல் தளத்துலயும் உக்காந்து தேடுங்க, ரெண்டும் இலவசம். அப்படியும் புதுசா இருக்குன்னு தோணினா ப்ரொவிஷனல், அதாவது முதல்கட்ட விண்ணப்பம் போடலாம், தனிநபர் ஆன்லைன்ல போட 1,600 ரூபாய், அதுலேர்ந்து 12 மாசத்துக்குள்ள முழு விவரம் குடுக்கணும். கர்நாடகாவுக்கு சென்னை ஆபீஸ்தான், நேர்ல அலைய வேண்டியதில்ல. இங்கயே இருக்கறவங்க வெளிநாட்டுல முதல்ல போடணும்னா பிரிவு 39ல அனுமதி வாங்கணும், இல்ல இங்க போட்டு ஆறு வாரம் காத்திருக்கணும், இதை மறந்துடாதீங்க, தண்டனை உண்டு.

ஒரு வேண்டுகோள் கயல், அப்படி ஏதாவது புது முறை கையில இருந்தா அதை இந்தத் திரியில விளக்கமா எழுதாதீங்க. நீங்களே ஊருக்குச் சொல்லிட்டா அப்புறம் அது புதுசு இல்லன்னு ஆயிடும்.


கயல்_ஹெச்எஸ்ஆர்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. என் ஃப்ரெண்டும் நானும் இதை ரெண்டு தடவை உக்காந்து படிச்சோம். பேட்டண்டைத் தூக்கி ஓரமா வச்சுட்டோம், எங்ககிட்ட இருக்கறது நம்ம ஜனங்களுக்குப் போய்ச் சேரணும்கற ஆசைதான், அதுக்கு ஏஜிபிஎல்லே ஒத்து வரும், ஆப்போட கோட் முழுசையும் எல்லாருக்கும் திறந்து விடறோம்.

முதல் வெர்ஷன்ல ரெண்டே விஷயம். மாத்திரைச் சங்கிலி, திதி. மாத்திரைக்கு நர்ஸக்கா சொன்ன மாதிரி அடிச்சது, நிறுத்தினது, போட்டது மூணையும் தனித்தனி நேரமாச் சேமிக்கறோம், அடுத்த மாத்திரையும் காபியும் அந்த மூணாவது நேரத்துலேர்ந்துதான் நகரும். தண்ணியும் ஃபில்டரும் 'முடிச்ச நாள்லேர்ந்து' வகை, அது ரெண்டாவது வெர்ஷன். லொகேஷன் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், பாலா கோவிச்சுக்காதீங்க.

அல்சூர் ஐயா, உங்ககிட்ட ஒரு கேள்வி. எங்க கணக்கு சரியா வருதான்னு எதை வச்சுச் சரி பாக்கறது? இன்னொரு ஆப்போட ஒப்பிட்டா அதுவும் தப்பா இருந்தா என்ன பண்றது?


அல்சூர்வாசி

கயல்மா, ஆப்போட ஒப்பிடாதீங்க. அச்சடிச்ச திருக்கணிதப் பஞ்சாங்கம், போன நாலஞ்சு வருஷத்துது வாங்குங்க, பழசு வீடுங்கள்ல கிடக்கும், கேட்டாலே குடுப்பாங்க. அது எந்த ஊருக்குக் கணிச்சதுன்னு முன் பக்கத்துல போட்டிருக்கும், உங்க சாஃப்ட்வேர்ல அந்த ஊரைக் குடுத்துட்டு ஒப்பிடணும், பெங்களூரைக் குடுத்தா உதயம் ஒத்துப்போகாது. அயனாம்சம், அதாவது ராசிச் சக்கரத்தோட தொடக்கத்தை எவ்ளோ தள்ளி வைக்கறோம்ங்கற அளவு, அதுக்கு லாஹிரிங்கற கணக்கை வைங்க, இல்லன்னா நட்சத்திரமும் மாசப் பிறப்பும் தள்ளிப்போகும். திதிக்கு அயனாம்சம் பாதிக்காது, ஏன்னா அது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மட்டும்தான், ரெண்டுலேர்ந்தும் ஒரே அளவு கழிச்சா வித்தியாசம் மாறாது.

எல்லா நாளையும் பார்க்க வேண்டாம். வம்பான நாள்களை மட்டும் எடுங்க: ரெண்டு உதயத்தைத் தொடற திதி, ஒரு உதயத்தையும் தொடாத திதி, 32 நாள் மாசத்துல ரெண்டு தடவை வர்ற திதி, 29 நாள் மார்கழியில காணாமப் போற திதி, சாயங்காலம் சூரிய அஸ்தமன நேரத்தை ஒட்டி நடக்கற மாசப் பிறப்பு. தமிழ் வழக்கத்துல சங்கிரமணம், அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள்ள நுழையறது, அஸ்தமனத்துக்கு முன்னாடி நடந்தா அன்னைக்கே மாசம் பொறக்கும், அதுக்கப்புறம்னா மறுநாள், அந்த ஒரு நிமிஷ வித்தியாசத்துல மாசத்தோட தேதி எல்லாமே ஒண்ணு நகரும். இந்த அஞ்சு வகையிலயும் அச்சுப் புத்தகத்தோட ஒத்து வந்துடுச்சுன்னா மத்த நாள் தானா வரும். ஒத்து வராத நாள் எதுவா இருந்தாலும் இங்க போடுங்க, நான் கையால போட்டுப் பார்த்துச் சொல்றேன்.